செட்டிநாட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் ஐயாமாருக்கும்,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் ஸ்டேஷன்களில் ஏட்டாகவும் எஸ்.எஸ்.ஐ.யாகவும் இன்ஸ்பெக்டராகவும் இருந்து, ரிட்டயர் ஆனபின் இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர்களுக்கு, பணியில் இறந்த காவலர்களின் வீடுகளுக்குத் துணை நிற்க வாருங்கள் என்று கேட்டு இதை எழுதுகிறேன். எஸ்.பி.க்கு எழுதலாமே என்றாள் என் மகள். எழுதலாம்தான். ஆனால் நம்மைக் கூப்பிட்டு விசாரித்த அதிகாரி மாறுதலாகிப் போனால், அடுத்து வருபவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். உங்களுக்கு இனி மாறுதல் இல்லை.

என் வீட்டுக்காரர் பிள்ளையார்பட்டி சதுர்த்தி பந்தோபஸ்து முடித்து இரவில் பைக்கில் திரும்பும்போது விபத்தில் போனவர்.

1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டதில் மத்திய ரிசர்வ் போலீசார் பத்துப் பேர் இறந்தார்கள். அதனால்தான் அந்தத் தேதி காவலர் வீரவணக்க நாள். ஸ்தூபிக்கு மலர்வளையம், தலைகீழாகப் பிடித்த துப்பாக்கிகள், பியூகிள், வாசிக்கப்படும் பெயர்கள். அந்த மரியாதையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறை என் பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை, காலடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அது நிறைய ஜெராக்ஸ். அதிகாரிகள் ஸ்தூபிக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், இவள் என் காதருகில் குனிந்து, "அக்கா, வாரிசுச் சான்றுக்கு விஏஓவைப் பார்க்கணுமா, தாலுகா ஆபீசுக்கா?" என்கிறாள். கேட்க அவளுக்கு வேறு ஆள் இல்லை.

நம் சிவகங்கை மாவட்டத்திலேயே 2012-ல் திருப்பாச்சேத்தி எஸ்.ஐ. ஆல்வின் சுதனை வெட்டிக் கொன்றார்கள். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிப் போன எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் வெட்டுப்பட்டு இறந்தார். அரசு ஒரு கோடி ரூபாயும் வீட்டில் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது. அது நியாயம்தான். டூட்டியில் நெஞ்சு வலித்து விழுந்தவர், லாரியில் அடிபட்டவர் வீட்டுக்கு அப்படி ஓர் அறிவிப்பு பெரும்பாலும் வருவதில்லை. பேட்ச்மேட்டுகள் வாட்ஸ்அப்பில் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எந்தச் சட்டமும் சொல்லாமல் செய்கிறார்கள். அவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பணம் சீக்கிரம் வந்துவிடும். காகிதம்தான் வருடக்கணக்கில் இழுக்கும். கருணை அடிப்படை வேலைக்கு மூன்று வருடத்துக்குள் மனுப்போட வேண்டும் என்பது, அழுது ஓய்ந்து நிமிர்வதற்குள் பாதி ஓடிவிடுகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். மாமியாரும் சட்டப்படி வாரிசு, மருமகளும் வாரிசு. கையெழுத்து வாங்கும் இடத்தில் குடும்பம் இரண்டாகிவிடும். அங்கே பெரிய மனுஷராக ஒருவர் உட்கார்ந்து பேசினால் பாதிச் சண்டை வராது. பஞ்சாயத்துப் பேசியே சர்வீஸை ஓட்டியவர்கள் நீங்கள். உங்களுக்கா தெரியாது?

அமெரிக்காவில் 1984 முதல் 'கன்சர்ன்ஸ் ஆஃப் போலீஸ் சர்வைவர்ஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. பணியில் இறந்த போலீஸ்காரர்களின் வீட்டார் சேர்ந்து தொடங்கியது. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அதே துக்கத்தைக் கடந்தவள் துணை. பிள்ளைகளுக்குத் தனி முகாம். கொலை வழக்கு விசாரணைக்கு வந்தால் கோர்ட்டில் குடும்பத்தோடு கூடவே உட்கார்வார்கள். இதற்கெல்லாம் வெள்ளைக்காரன் வேண்டுமா என்ன? நகரத்தார் கல்யாணமான குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்று கணக்குவைத்து, புள்ளி வரி போட்டுக் கோயில் காரியம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். பென்ஷன் வாங்குகிற ஒவ்வொருவரும் மாதம் ஒரு சிறு தொகை என்று நாமும் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். தொகைகூட இரண்டாம் பட்சம். சாவு விழுந்த வீட்டுக்கு மூன்றாம் நாளே ஒருவர் போய், "இனி பேப்பர் வேலை என் பொறுப்பும்மா" என்று சொல்ல வேண்டும். வேலை உத்தரவு கைக்கு வரும்வரை அவரே போக வேண்டும், ஆள் மாறக்கூடாது.

வருகிற அக்டோபர் 21-க்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் கூடலாம் என்று எங்களைப் போன்ற சில வீட்டார் பேசியிருக்கிறோம். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவர்கள் அவசியம் வாருங்கள். மனு எழுதத் தெரிந்த கைதான் முதலில் வேண்டும்.

இப்படிக்கு,
பணியில் இறந்த ஒரு தலைமைக் காவலரின் மனைவி,
காரைக்குடி