டிக் அடிக்காதீர்கள், சதவீதம் கேளுங்கள்

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் பிளேஆஃப் கணிப்புப் போட்டி நடத்தும் கூடைப்பந்துத் தம்பிகளுக்கு,

வணக்கம். ஏப்ரல் நடுவில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பிளேஆஃப், அதாவது தோற்றவர் வெளியேறும் கடைசிக் கட்டம், தொடங்கிவிடும். அமெரிக்காவில் இரவு ஆட்டம், நமக்குக் காலைப் பயிற்சி நேரம். பந்து தட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண் போனில்தான் இருக்கும். ஸ்டோர் ரூம் சுவரில் உங்கள் சார்ட் பேப்பரும் ஏறிவிடும்: பதினாறு அணிகள், ஸ்கெட்ச் பேனாக் கோடுகள், ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு சாம்பியன். நல்ல விஷயம்தான், நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. மார்க் போடும் முறையை மட்டும் மாற்றுங்கள் என்கிறேன்.

2025 ஃபைனலையே எடுத்துக்கொள்வோம். பிளேஆஃபில் ஒவ்வொரு மோதலும் ஏழு ஆட்ட சீரிஸ், நான்கை முதலில் ஜெயிப்பவருக்கு வெற்றி. ஒருவர் ஓக்லஹோமா சிட்டி தண்டர் 4-0 என்று அடித்துச் சொன்னார். இன்னொருவர், தண்டருக்குத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் இந்தியானா லேசுப்பட்ட அணி இல்லை என்றார். ஏழாவது ஆட்டம் வரை இழுத்து தண்டர் ஜெயித்தது. சார்ட்டில் இருவருக்கும் ஒரே டிக்! இது என்ன நியாயம்?

அந்த தண்டர் சாதாரண அணியும் இல்லை. பிளேஆஃபுக்கு முந்தைய லீக் ஆட்டங்களில் 68 வெற்றி, 14 தோல்வி. ஆட்டத்துக்குச் சராசரியாகப் பதின்மூன்று புள்ளி வித்தியாசம். என்பிஏ வரலாற்றிலேயே அதுதான் அதிகம். அப்படிப்பட்ட அணியை இரண்டாம் சுற்றில் டென்வரும் ஏழாவது ஆட்டத்துக்கு இழுத்தது. ஃபைனலின் முதல் ஆட்டத்தில் 0.3 விநாடி மிச்சமிருக்கும்போது அவர்களின் நட்சத்திரம் ஹாலிபர்ட்டன் போட்ட ஒரே ஷாட்டில் 111-110 என்று இந்தியானா தட்டிப் பறித்தது. அந்த ஆட்டம் முழுக்க அவர்கள் முன்னிலையில் இருந்ததே அந்தக் கடைசி 0.3 விநாடிதான். ஏழாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே அதே ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் அறுந்தது. இதையெல்லாம் ஏப்ரலில் எந்தச் சார்ட்டில் எழுத முடியும்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஓர் அணிக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆட்ட சீரிஸை வெல்லும் வாய்ப்பு 71 சதவீதமாக உயரும். தனி ஆட்டத்தில் 65 என்றால் சீரிஸில் 80. சீரிஸ் நீண்டால் பலசாலிக்கு லாபம் என்பது இதனால்தான். சரி, ஆனால் கோப்பைக்கு நான்கு சீரிஸ் வெல்ல வேண்டுமே. 71 சதவீதத்தை நான்கு முறை பெருக்கினால் மிஞ்சுவது 25 சொச்சம். எல்லா எதிரிகளையும் விட பலமான அந்த அணியே நான்கில் மூன்று தடவை கோப்பை இல்லாமல் வீட்டுக்குப் போகும். ‘கப்பு நமக்குத்தான்’ என்று கத்துகிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும்.

அந்தச் சதவீதத்தை எதை வைத்துச் சொல்வது என்று கேட்பீர்கள். வெற்றி தோல்விக் கணக்கை விடப் புள்ளி வித்தியாசம் நம்பகமானது. ஒரு புள்ளியில் ஜெயித்த ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். அப்புறம் யாருக்குக் காயம் என்று பாருங்கள். பிளேஆஃபில் கோச்சுகள் பெஞ்சைச் சுருக்கி எட்டு ஒன்பது பேரை வைத்தே ஓட்டுவார்கள். அதில் ஒருவர் விழுந்தால் ஓட்டை பெரிதாகத் தெரியும். 2018-ல் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 3-2 என்று முன்னால் போன ஐந்தாவது ஆட்டத்தின் கடைசியில் அவர்களின் கிறிஸ் பாலுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. ஏழாவது ஆட்டத்தில் அந்த அணி தொடர்ந்து 27 த்ரீ பாயிண்டர்களைத் தவறவிட்டது, கோல்டன் ஸ்டேட் ஃபைனலுக்குப் போனது. தசைப்பிடிப்பு காயம். 27 தவறுகளைக் கெட்ட நேரம் என்றுதான் சொல்வேன், திறமைக் குறைவு என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, யாருக்கு யார் எதிரி என்பது. 2007-ல் 67 ஆட்டம் ஜெயித்து முதலிடத்தில் இருந்த டல்லாஸை, எட்டாமிடத்து கோல்டன் ஸ்டேட் 4-2 என்று வீட்டுக்கு அனுப்பியது. எல்லோரும் அதிசயம் என்றார்கள். ஆனால் அந்த சீசனில் இரு அணிகளும் மோதிய மூன்று லீக் ஆட்டங்களையும் கோல்டன் ஸ்டேட்தான் ஜெயித்திருந்தது. அவர்களின் கோச் டான் நெல்சன் அதற்கு முன் டல்லாஸுக்கே கோச்சாக இருந்தவர். அதைக் கவனித்தவர் டல்லாஸுக்கு 95 போட மாட்டார், 75 போட்டிருப்பார்.

மயாமி மாதிரி கணக்குக்கே அடங்காதவையும் உண்டு. 2023-ல் லீக் ஆட்டங்களில் போட்டதை விட வாங்கிய புள்ளிதான் அதிகம். பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான பிளே-இன் தகுதி ஆட்டங்களில் முதல் ஆட்டமும் தோல்வி. அப்படியும் மில்வாக்கியை 4-1 என்று சாய்த்து ஃபைனல் வரை போனது. அப்படியொரு அணிக்கு நான்கைந்து சதவீதம் கொடுத்தவரைத் தப்பாகக் கணித்தார் என்று சொல்ல முடியாது. பூஜ்யம் போட்டவரைச் சொல்லலாம்.

இதற்கு மார்க் போட வழி இருக்கிறது. 1950-ல் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் மழைக் கணிப்பைச் சோதிக்க வகுத்த முறை அது. ஜெயித்தால் 1, தோற்றால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதம், அதாவது 0.8, என்று எழுதிய அணி ஜெயித்தால் வித்தியாசம் 0.2, அதன் வர்க்கம் 0.04. தோற்றால் 0.64. நூறு என்று எழுதித் தோற்றால் முழுசாக 1. எல்லாவற்றுக்கும் 50 என்று எழுதி நழுவப் பார்த்தால் சராசரி 0.25-லேயே நிற்பார். மார்க் குறைந்தவரே வெற்றியாளர். நம் ஜனங்களுக்கு இது புதிதும் இல்லை. மேட்டூரில் எத்தனை அடி, நீர்வரத்து எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தானே குறுவைக்கு விதை எடுக்கிறோம்? ஃபைனல் நடக்கும் ஜூனில் டீக்கடையில் அந்தப் பேச்சுதான் ஓடும்.

ஆகவே இந்த முறை சதவீதம் எழுதிய கணிப்புச் சீட்டைச் சுற்றுவாரியாக வாங்குங்கள், மொத்தம் பதினைந்து சீரிஸ். பிளே-இன் முடிந்து எட்டு ஜோடிகளும் தெரிந்த பிறகே முதல் சுற்றுச் சீட்டு. ஆட்டம் தொடங்கிய பிறகு வருவதை வாங்காதீர்கள், யாராக இருந்தாலும் சரி. காசு வைப்பது வேண்டவே வேண்டாம். அதிக மார்க் வாங்கிக் கடைசியில் நிற்பவர் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தரட்டும். கூட்டிக் கழிக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காலை ஆட்டத்துக்கு வரும் பெரியவர்களில் ஒருவன்