ஞாயிறு காசிமேடு படங்கள்: கேமராவிலிருந்து போனுக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஞாயிறன்று காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுக்கும் படங்களை அன்றைக்கே குழுவில் போடுங்கள். கேமராவில் ரா (பதப்படுத்தாத மூலக் கோப்பு) + ஜேபெக் (சுருக்கிய சாதாரணப் படக் கோப்பு) வைத்து எடுங்கள். போனுக்கு ஜேபெக் போதும்.

கேமரா வைஃபையில் இணைத்ததும் 'இணையம் இல்லை' என்று போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான். டேட்டாவை அணைத்துவிட்டு இறக்குங்கள். நிக்கான் கேமராக்களுக்கான ஸ்னாப்பிரிட்ஜ் செயலியில் தானாக வருவது 2 மெகாபிக்சல் படம்தான்; முழு அளவை நீங்களே தேர்ந்து இறக்க வேண்டும்.

நாற்பது ஐம்பது படம் என்றால் கேமரா கார்டைப் போட்டுப் போனில் செருகும் டைப்-சி கார்டு ரீடரே மேல். 64 ஜிபி கார்டு வழக்கமாக எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் இருக்கும். சில பழைய ஆண்ட்ராய்டு போன்கள் அதைப் படிக்க முடியாமல் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். தொட்டுவிடாதீர்கள், படம் அத்தனையும் போய்விடும்! ஈரக்கையோடு கார்டைக் கழற்றவும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் மீன் செதில் விவரமெல்லாம் குழைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.