முதலில் வீட்டுப் பூனையைப் பற்றிக் கேளுங்கள்

பூனைக் காப்பகங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள காப்பக நண்பர்களே,

வணக்கம். முதன்முதலாகப் பூனை வளர்க்க வருகிறவருக்கும், வீட்டில் இருக்கும் பூனைக்குத் துணை தேடி வருகிறவருக்கும் பல காப்பகங்கள் ஒரே படிவத்தைத்தான் நீட்டுகின்றன. ஜன்னலுக்கு வலை உண்டா, செலவு தாங்குமா, வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் அதில் விசாரிக்கிறீர்கள். வீட்டுப் பூனைக்கு மட்டும் ஒரே ஒரு கட்டம்: 'வேறு பிராணிகள் உண்டா? ஆம் / இல்லை.' புதுப் பூனை யாரோடு வாழப்போகிறதோ, அந்தப் பூனையைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாமல் கேரியரை மூடிக் கொடுத்து அனுப்புகிறீர்கள். இதை மாற்றக் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

பூனை தனியாக வேட்டையாடும் உயிர். உணவு தாராளமாகக் கிடைக்கும் இடங்களில் கூட்டமாக வாழும், உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் பெரும்பாலும் தாய், மகள், அக்கா, தங்கை என்று ஒரே குடும்பம். முன்பின் தெரியாத வளர்ந்த பூனை வந்தால் முதலில் விரட்டத்தான் பார்க்கும். 'தனியா இருக்கே, பாவம்' என்பது நம் மனசு சொல்வது. ஆகவே படிவத்தின் முதல் கேள்வி, இந்தப் பூனைக்குத் துணை வேண்டுமா என்பதாக இருக்கட்டும். கூட இருந்த பூனை செத்த பிறகு வீடெல்லாம் கத்தித் திரிகிறது என்றால், அது தேடுவது போன பூனையையாக இருக்கலாம். எதோ ஒரு பூனை போதும் என்று அதற்கு அர்த்தமில்லை.

அடுத்து கேட்க வேண்டியவை: வயது என்ன, கருத்தடை ஆயிற்றா, வேறு பூனையோடு எப்போதாவது வாழ்ந்திருக்கிறதா, ஜன்னலுக்கு வெளியே ஒரு பூனை நடந்துபோனால் என்ன செய்கிறது? வேடிக்கை பார்க்கும் பூனை வேறு, வாலைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு கண்ணாடியில் மோதும் பூனை வேறு. விளையாடும் விதத்தையும் கேளுங்கள். ஓடித் துரத்துவதா, கட்டிப் புரள்வதா? சிறுநீர்ப் பிரச்சினை முன்பு வந்திருந்தால் அதைத் தடித்த எழுத்தில் குறித்துவையுங்கள். மன அழுத்தத்தில் அது திரும்பக்கூடும்.

பொருத்தம் பார்ப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு, வயதான பூனைக்கு ஒற்றைக் குட்டியைக் கொடுப்பது. குட்டிதானே, ஏற்றுக்கொள்ளும் என்கிறோம். மூட்டு வலியோடு இருக்கும் 11 வயதுப் பூனையின் வாலை மூன்று மாதக் குட்டி நாளெல்லாம் பிடித்துத் தொங்கினால் பெரியது சண்டை போடாது. பீரோ மேல் ஏறிக்கொள்ளும், இறங்கி வந்து சாப்பிடுவதைக் குறைக்கும், வீட்டார் 'பழகிவிட்டது' என்பார்கள். அங்கே அமைதியான நடுவயதுப் பூனைதான் சரி. குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் இரண்டாகக் கொடுங்கள். ஒன்றோடொன்று விளையாடிக் களைத்துப்போகும், பெரியதை விட்டுவிடும். கட்டிப் புரளும் இரண்டு வயதுக் கடுவனுக்கோ அதே வயதும் அதே துடுக்கும் உள்ள இன்னொன்றுதான் ஏற்றது. கூச்ச சுபாவமுள்ள பெட்டையைக் கொடுத்தால் அது கட்டிலடியிலேயே காலம் தள்ளும். இரண்டுக்கும் கருத்தடை ஆகியிருந்தால் ஆணா பெண்ணா என்பதைவிட குணம்தான் முக்கியம். நேற்று அறுவை முடிந்த கடுவனை இன்று அனுப்பாதீர்கள். உடம்பில் உள்ள ஹார்மோன் அடங்கச் சில வாரம் பிடிக்கும்.

உங்கள் அட்டையில் 'சாது' என்று எழுதியிருப்பதையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கூண்டின் பின்மூலையில், மலஜலம் கழிக்கும் மணல் தட்டுக்குப் பின்னால், நாலு காலையும் உடம்புக்கடியில் மடக்கி அசையாமல் இருப்பது சாது இல்லை, பயத்தில் உறைந்திருக்கிறது. பொது அறையில் இருக்கும் பூனைகளையும் கவனித்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கி, தலையை நக்கிக்கொண்டால் அது உறவு. ஆளுக்கொரு அலமாரியில் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்தால் அது வெறும் சகிப்பு. முதல் வகை ஜோடியைப் பிரிக்கவே கூடாது.

நோய் விஷயத்தில் நல்லெண்ணம் மட்டும் போதாது. ஃபெலைன் லுகேமியா, எஃப்.ஐ.வி. (இரண்டும் பூனைக்குப் பூனை தொற்றி எதிர்ப்பு சக்தியைக் குலைக்கும் வைரஸ்கள்) இரண்டுக்கும் பரிசோதித்த பிறகே இன்னொரு பூனை உள்ள வீட்டுக்கு அனுப்புங்கள். லுகேமியா புதிதாகத் தொற்றியிருந்தால் முதல் பரிசோதனையில் தப்பிவிடலாம். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு எஃப்.ஐ.வி. 'உண்டு' என்று வந்தால் பதறாதீர்கள். அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாக (ஆன்டிபாடி) இருக்கலாம், வளர்ந்தபின் திரும்பப் பாருங்கள். பூனையின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பான்லுகோபீனியா வைரஸ் ஒரு வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சோப்புத் தண்ணீருக்கு அசையாது, பிளீச் வேண்டும். மூக்கையும் கண்ணையும் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் உள்ள பூனையோ பார்க்க நன்றாகவே இருக்கும். இடம் மாறிய அலைச்சலில் ஓரிரு வாரத்துக்குள் தும்மலும் கண்ணில் நீரும் கிளம்பலாம். புதுப் பூனைக்கு இரண்டு வாரம் தனியறை என்று நீங்கள் சொல்வது பூனைகள் பழகுவதற்காக மட்டுமல்ல என்பதை இப்படி விளக்கினால் மக்கள் கேட்பார்கள்.

அனுப்பும் முன் மூன்று நாள் அந்தப் பூனை படுத்த துணியை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். வாசனைதான் முதல் அறிமுகம். பூனை வந்ததும் மூடிய கதவின் இருபுறமும் கதவிலிருந்து சில அடி தள்ளிக் கிண்ணம் வைத்துச் சாப்பிட விட்டு, வேளைக்கு வேளை கொஞ்சம் நெருக்கலாம். ஒன்று சாப்பிடாமல் கதவையே பார்த்தால், கடைசியாக நிம்மதியாகச் சாப்பிட்ட இடத்துக்குக் கிண்ணத்தைத் திருப்ப வேண்டும். பிறகு வலைக்கதவு, அதன்மேல் துணி, தினம் ஒரு சாண் உயர்த்தி. நேரில் விடுவது ஐந்து நிமிடம், சண்டை வரும் முன்னே முடித்துவிட வேண்டும். மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல், அதுவும் வெவ்வேறு இடங்களில். மூன்றையும் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தட்டுதான்.

வீட்டார் சீறலைக் கண்டு பயப்படுகிறார்கள். சீறல் 'தள்ளி நில்' என்ற சேதி, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது சத்தமே இல்லாதது. பழைய பூனை நடைவழியின் நடுவில் நீட்டிப் படுத்திருக்கிறது, பார்த்தால் ஓய்வு போலத் தெரியும். கண் மட்டும் இமைக்காமல் ஒரே இடத்தில் நிற்கும், வால் நுனி துடிக்கும். பத்தடி தள்ளி புதியது உடம்பைத் தரையோடு ஒட்டிக் குந்தியிருக்கும். அதன் மணல் தட்டு அந்த நடைவழிக்கு அப்பால். இரவு சோபாவில் சிறுநீர் கிடக்கும், பழி புதுப் பூனை மேல் விழும். இந்த ஒரு காட்சியைப் படம் போட்டு ஒரு தாளில் கொடுத்தால் பாதிச் சிக்கல் புரியும்.

அதே தாளில் இரண்டு எச்சரிக்கைகள் இருக்கட்டும். கடுவன் தட்டில் குந்திக் குந்தி முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த மணியிலேயே மருத்துவரிடம் ஓட வேண்டும். இரு பூனைகளில் எது இரண்டு நாள் சாப்பிடாவிட்டாலும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பட்டினி பூனையின் ஈரலைத் தாக்கும், பருத்த பூனை என்றால் இன்னும் சீக்கிரம்.

கடைசியாக, திருப்பிக் கொண்டுவருகிறவர்களைப் பற்றி. இரண்டாம் பூனையைத் தற்காலிகப் பொறுப்பாகவே முதலில் கொடுத்து, ஒரு மாதம் கழித்துக் கையெழுத்து வாங்குங்கள். மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் நீங்களே அழைத்துப் பேசுங்கள். அப்படியும் திரும்பி வந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். அட்டையில் 'ஒத்துப்போகவில்லை' என்று ஒற்றை வார்த்தை எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். எந்த வயதுப் பூனையோடு, எத்தனையாவது நாளில், எந்த இடத்தில், யார் யாரை மறித்தது என்று எழுதிவையுங்கள். அந்தப் பூனையைக் கேட்டு அடுத்து வருகிறவரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
பூனைகளோடு புழங்குகிறவர்கள்