டெல்டா நாக்குக்குப் புதுசா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மகளிர் இணைப்பில் சாலட்டுக்கு ஊற்றுகிற வினிகர் டிரெஸ்ஸிங் செய்முறை போட்டிருந்தீர்கள். 'தஞ்சைப் பக்கத்து நாக்குக்கு இது புதுசு, பழகக் கொஞ்ச நாளாகும்' என்று முதல் வரி. படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை.

அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் காரைக்கால் என்று ஓர் ஊர் இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். கல்யாணமான புதிதில் நாங்கள் அங்கேதான் குடியிருந்தோம். எதிர்வீட்டு அம்மாவுக்குக் கணவர் வழியில் பிரெஞ்சு பென்ஷன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பழைய ஜாம் பாட்டிலில் ஒரு கரண்டி வினிகர் விட்டு, உப்பைப் போட்டு, கரைகிறவரை ஆட்டுவார். "எண்ணெய் விட்டப்புறம் உப்புப் போட்டா கரையாது அம்மாடி, அடியில மணல் மாதிரி நிக்கும்" என்பார். அப்புறம் சுண்டைக்காய் அளவு கடுகு விழுது, மிளகுப்பொடி, மூன்று கரண்டி எண்ணெய். மூடியை இறுக்கிக் குலுக்கினால் எல்லாம் சேர்ந்து மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்துவிடும். எண்ணெயும் வினிகரும் கொஞ்ச நேரமாவது பிரியாமல் இருப்பது கடுகால்தான். உங்கள் குறிப்பில் கடுகே இல்லை.

அது போகட்டும். வினிகர் முக்கால் கப், எண்ணெய் கால் கப் என்று தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களே! எனக்குத் தெரியும், என் மருமகளுக்குத் தெரியாது. அச்சில் வந்ததை நம்புகிற பெண். சம்பந்தி வந்திருந்த அன்று பார்த்துச் செய்துவிட்டாள். அவர் ஒரு வாய் போட்டு இருமிவிட்டு, "நல்லா இருக்கு" என்று தண்ணீர் கேட்டார். பேத்தி மட்டும் உண்மையைச் சொன்னாள்: "பாட்டி, இது ஊறுகாய்த் தண்ணியா?" அரைக் கிலோ வெள்ளரிப் பிஞ்சு கொல்லைக்குப் போனது. மாடும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

புதுசாம். ராமநவமிக்கு ஊறவைத்த பயத்தம்பருப்பில் வெள்ளரியை நறுக்கிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டுகிறோமே, அதில் புளிப்பு இல்லையா, எண்ணெய் இல்லையா, கடுகுதான் இல்லையா? அந்தக் கோசுமல்லியையும் இரண்டு வருடம் முன்னால் 'கர்நாடக ஸ்பெஷல்' என்று போட்டீர்கள். அப்போது நான் இரண்டு பக்கம் எழுதினேன். நான்கு வரி வந்தது. குறை சொன்னதெல்லாம் போய், அட்டைப்படத்தைப் பாராட்டிய வரி மட்டும் பத்திரமாக இருந்தது.

எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதினால் ஒன்று மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை, இல்லாவிட்டால் பயிர் மூழ்கிவிட்டது. கூடவே நாற்று நடுகிற பெண்களின் முதுகு ஒரு படம். நெல் விளைவிக்கிறவர்களுக்கு நாக்கும் இருக்கும் என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. வினிகருக்குக் காடி என்று தமிழில் ஒரு பெயர் இருப்பதும் தோன்றவில்லை.

ஆலிவ் எண்ணெய் கட்டாயம் என்று கொட்டை எழுத்தில் வேறு. அது விற்கிற விலைக்கு மாதம் முழுக்கச் செலவாகிற கடலை எண்ணெயை வாங்கிவிடலாம். கடலை எண்ணெயே போதும். நல்லெண்ணெய் என்றால் வாசனை தூக்கலாக இருக்கும், மூன்றில் ஒரு கரண்டி மட்டும் கலந்துகொள்ளலாம். இதைச் சொல்ல ஒரு வரி போதாதா?

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: எண்ணெய் மூன்று பங்கு, வினிகர் ஒரு பங்கு, உப்பு முதலில். அதையும் பச்சைக் காய்கறிப் படத்தின் மேல் மஞ்சள் எழுத்தில் போட்டுவிடாதீர்கள். நான் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மயிலாடுதுறை.