பேருந்து நிறுத்தப் பலகையிலிருந்து என் அம்மாவின் படத்தை அகற்றக் கோரும் நான்காவது மனு

பெறுநர்: உயர்திரு வட்டார அதிகாரி அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக 2024 ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் இந்த ஆண்டு ஜனவரியிலும் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். மூன்றுக்கும் முத்திரை குத்தித் தந்தார்கள். பதில்தான் வரவில்லை. தைப்பூசத்தன்று கோவில் மேடையில் நீங்கள் தாளைப் பார்க்காமல் தமிழில் பேசியதைக் கேட்டேன். அதனால் இம்முறை தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் சந்து உங்களுக்குத் தெரியும். கால்வாய்ப் பாலம் தாண்டி, தபாஜி என்கிற பெட்டிக்கடைக்கு எதிரே, இரண்டு கார் சேர்ந்து நுழைய முடியாத முட்டுச்சந்து. நீங்களே கணக்கெடுக்க வந்து எங்கள் வீட்டில் வனிலா தேநீர் குடித்திருக்கிறீர்கள்.

1. 2024 ஜனவரி 15, நம் மொரிஷியசைத் தாக்கிய பெலால் புயல். போர்ட் லூயியில் கார்கள் மிதந்த அதே நாளில் எங்கள் கால்வாயும் பொங்கியது. அம்மா இடுப்பளவுத் தண்ணீரில், தலையில் தெக்சியோடு வந்தார். கைகொடுத்த பையன் பாத்திரத்தை விடச் சொன்னான். "மோ தெக்சி! மோ தெக்சி!" (என் பாத்திரம்! என் பாத்திரம்!) என்று அம்மா கிரியோலில் கத்தினார். யாரோ மாடியிலிருந்து எடுத்த 18 விநாடிப் படம் அது. மறுநாளே அதற்கு நம் தீவின் ஆட்டப்பாட்டான சேகாவின் தாளம் போட்டுவிட்டார்கள். தாளத்தைக் குறை சொல்ல முடியாது, ஆட்டம் வரத்தான் செய்கிறது.

2. சாகிற நேரத்திலும் சட்டியை விடாத கிழவி என்று தீவே சிரித்தது. அந்தத் தெக்சிக்குள் இருந்தது அப்பாவின் இன்சுலின். சர்க்கரை இல்லாத வீடு இந்தத் தீவில் எது, ஐயா? எழுந்து நடக்க முடியாத அப்பாவைப் பக்கத்து வீட்டு மாடியில் ஏற்றிவிட்டு, மருந்தை எடுக்கத் திரும்பிப் போனார் அம்மா. அது அந்த 18 விநாடியில் இல்லை.

3. 2024 மார்ச்சில் உங்கள் அலுவலகம் எங்கள் சந்து முனையில், பேருந்து நிறுத்தத்தில், கால்வாயில் குப்பை போடாதீர் என்று ஒரு பலகை வைத்தது. நல்ல காரியம். ஆனால் அதில் போட்டது அம்மாவின் படம்! எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா கால்வாயில் ஒரு வாழைப்பழத் தோல்கூடப் போட்டதில்லை. அதுவரை "தந்தீன் தெக்சி" (பாத்திர அத்தை) என்று பேர் வைக்கப்பட்ட அம்மா எந்த ஊர் என்று பலருக்குத் தெரியாது. இப்போது பலகையே வழிகாட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போ பசேன், மாயேபூர் என்று எங்கிருந்தோ வருகிறார்கள். பலகையோடு படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் சந்துக்குள் வந்து ஹார்ன் அடிக்கிறார்கள். இரவு பதினொன்றுக்கும் அடித்திருக்கிறார்கள். கதவுக்கு வெளியே பழைய பாத்திரங்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். இதுவரை ஒன்பது சேர்ந்திருக்கிறது. திட்டுகிறவர்கள் யாருமில்லை, எல்லோரும் சிரித்த முகம்தான். காவல் நிலையத்தில் அதனால்தான் எழுதிக்கொள்ள மாட்டேன் என்றார்கள்.

அப்பா 2024 ஜூனில் போய்விட்டார். பதினாறாம் நாள் படையலுக்குச் சோறு வடிக்க அம்மா அதே தெக்சியைத் தூக்கினார். பந்திக்கு வந்திருந்த ஒருவன், யார் வீட்டுப் பிள்ளையோ, "மோ தெக்சி" என்று மெல்லச் சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் கைபேசியை எடுத்தார். அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். அன்று சோற்றை நான்தான் வடித்தேன். தெக்சி கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. அம்மா இன்றுவரை அடுப்புப் பக்கம் வருவதில்லை. இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடமும் எடுக்கவில்லை. நாற்பது வருடத்தில் இதுதான் முதல் முறை. தலையில் குடத்தோடு தெருவில் எப்படி நடப்பேன் என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

4. கியூபெக்கில் ஒரு பள்ளிப் பையன் 2002இல் தனக்காகக் கம்பு சுழற்றிப் பதிவு செய்ததை, உடன் படித்தவர்கள் 2003இல் இணையத்தில் உலகத்துக்கே விட்டார்கள்; எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். அவன் வாய் திறந்து அதைப் பற்றிப் பேசப் பத்து ஆண்டு ஆயிற்று. அம்மாவுக்கு 71 வயது, ஐயா.

5. 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசையும் கட்டுப்படுத்தும். இதை மூன்று மனுவிலும் எழுதிவிட்டேன். உங்களுக்குத் தெரியாததா?

6. 1998இல் நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே இறங்கியதும் நம்மவர்கள் எப்படிக் கொதித்தார்கள்! அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். ஒரு நாட்டின் பணத்தை மாற்ற முடிந்தது. ஒரு தகரப் பலகையை மாற்ற முடியவில்லையா?

7. மன்னிக்கவும். கோபத்தில் எழுதிவிட்டேன். ஆனால் எழுதியதை அடித்துவிடப் போவதில்லை.

கைபேசிகளில் இருப்பதை உங்களால் அழிக்க முடியாது; அதைக் கேட்கவும் இல்லை. பலகை உங்களுடையது. வாசகம் அப்படியே இருக்கட்டும், படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள், ஐயா. அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் அம்மா அந்த நிறுத்தத்தில் நின்று பஸ் ஏற வேண்டும்.

நான்கு திருகாணிதான். எண்ணிப் பார்த்தேன். ஏணி வேண்டுமானால் எங்கள் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
மகள்
(பெயரும் முகவரியும் முந்தைய மூன்று மனுக்களில் உள்ளன)