ரெட்ஃபீல்ட்ஸ் நிலத்தை சென்ட் கணக்கில் மட்டும் அளக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர மையங்களில் உள்ள ராணுவ வளாகங்களை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டு, அந்த நிலங்களை வணிகப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட வேண்டும் என்று தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கிடங்குகள், பழுதுபார்க்கும் பணிமனைகள் போன்றவற்றுக்கு அந்த வாதம் பொருந்தலாம். ஆனால் கோவை ரெட்ஃபீல்ட்ஸில் இருக்கும் 110-ஆவது பிரதேச ராணுவக் காலாட்படைப் பிரிவைப் போன்ற, தேவைப்படும்போது அழைக்கப்படும் ரிசர்வ் படை வளாகங்களையும் அதே கணக்கில் சேர்ப்பது சரியன்று என்பதால் இதை எழுதுகிறேன்.

டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பிரதேச ராணுவம், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டு, 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜியால் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. அலுவலகத்திலோ கடையிலோ வயலிலோ தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே, ஆண்டில் குறிப்பிட்ட நாள்கள் பயிற்சி எடுத்து, அழைப்பு வந்தால் சீருடை அணியும் குடிமக்களைக் கொண்ட படை என்பதே அதன் அடிப்படை. 1962, 1965, 1971 போர்களில் அது பணியாற்றியிருக்கிறது. முழுநேரப் படைவீரர் முகாமிலேயே தங்குபவர். முகாம் எங்கே இருந்தாலும் அவர் வேலை நடக்கும். பகுதிநேர வீரருக்கோ முகாம் தன் வீட்டுக்கும் வேலைக்கும் எட்டும் தொலைவில் இருந்தாக வேண்டும். நகரப் பிரிவுகளின் பயிற்சியை வார இறுதிகளிலும் விடுமுறை நாள்களிலும் வைத்துக்கொள்ளலாம் என்று பிரதேச ராணுவத்தின் நடைமுறை வகுக்கப்பட்டதும் இதனால்தான். பிரிட்டனின் ரிசர்வ் படையினர் வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்த கையோடு தங்கள் ஊர்ப் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள். அந்தக் கூடத்தை நாற்பது கிலோமீட்டர் தள்ளி வைத்தால், ஆறு மாதத்தில் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்கள் இருக்காது. ஆகவே, கட்டுரையாளர் வீண் என்று கருதும் அந்த நகர மைய அமைவிடம்தான் இத்தகைய வளாகத்தின் முதல் பயன்.

2024 ஜூலை 30 அதிகாலையில் கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணோடு போனபோது, முதலில் அனுப்பப்பட்ட ராணுவக் குழுக்களில் கோழிக்கோட்டில் இருக்கும் 122-ஆவது பிரதேச ராணுவப் பிரிவினர் இருந்தார்கள். அந்தப் பிரிவு இருப்பது, இன்று கோழிக்கோடு நகரத்துக்குள் அடங்கிவிட்ட வெஸ்ட்ஹில்லில். அதற்கு மறுநாள்களில் சூரல்மலையில் இரும்புப் பாகங்களைக் கோத்து விரைவில் எழுப்பும் பெய்லி பாலத்தை அமைத்தவர்கள், பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி வளாகம் கொண்ட மெட்ராஸ் பொறியாளர் படையினர். அவர்கள் ரிசர்வ் படையினர் அல்லர் என்றாலும் அந்த நிலத்தின் மீதும் இதே கேள்வி எழுப்பப்படக்கூடும். மனை விலை போட்டுப் பார்த்தால் இரண்டு வளாகங்களுமே பெருந்தொகை பெறும். சேற்றில் புதைந்தவர்களைத் தேட அந்த நாளில் ஆள் கிடைத்ததை எந்த விலைப்பட்டியலில் சேர்ப்பது?

நெருக்கடியில் உதவுபவர்கள் வீரர்கள் மட்டும் அல்லர். அந்த இடமே உதவுகிறது. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், காணாமல் போனவர்களின் குடும்பத்தார் விவரம் பதிந்துகொள்ள வரிசையில் நின்றது, மன்ஹாட்டன் லெக்சிங்டன் அவென்யூவில் 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட, அமெரிக்க ரிசர்வ் படையான நேஷனல் கார்டின் 69-ஆவது ரெஜிமென்ட் பயிற்சிக் கூடத்தில்தான். அதன் வெளிச்சுவர் முழுக்கப் புகைப்படங்கள் ஒட்டப்பட்டன. உலகிலேயே மனை விலை மிக அதிகமான இடங்களில் ஒன்றில், தூண்களே குறுக்கிடாத அவ்வளவு பெரிய பொதுக் கூடம் ஒன்று, யாருடைய அனுமதிக்கும் வாடகைக்கும் காத்திராமல் அன்று கிடைத்தது.

விற்றுவிட்டால் திரும்ப வாங்க முடியாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லண்டன் செல்சியில் பிரிட்டனின் பகுதிநேரப் படையினர் பயன்படுத்திவந்த டியூக் ஆஃப் யார்க்ஸ் தலைமையகம் 2000-ஆம் ஆண்டில் ஒரு தனியார் நில நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இன்று அங்கே கடைகளும் சாச்சி (Saatchi) கலைக்கூடமும் இருக்கின்றன. அழகான இடம்தான். ஆனால் நாளை மத்திய லண்டனில் அதேபோன்ற பயிற்சித் திடல் ஒன்று தேவைப்பட்டால், எந்த அரசாலும் அந்த விலைக்கு அதை மீட்க இயலாது.

பாதுகாப்பு அமைச்சகத்திடம் 17 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. அதன் நிர்வாகத்தில் உள்ள ஆக்கிரமிப்புகளையும் முறைகேடான பயன்பாட்டையும் இந்தியக் கணக்குத் தணிக்கையாளர் 2010-11-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே கடுமையாகச் சுட்டிக்காட்டினார். அதை நான் மறுக்கவில்லை. சாலை விரிவாக்கத்துக்காக ஓரத்து நிலத்தைக் கொடுத்து, ஈடாக வேறிடத்தில் நிலம் பெறுவதிலும் தவறில்லை. பெங்களூரில் அப்படி ஓர் ஏற்பாடு நடந்திருக்கிறது. ஓரத்தைக் கொடுப்பதும் வளாகத்தையே காலி செய்வதும் வெவ்வேறு காரியங்கள்.

ரெட்ஃபீல்ட்ஸ் வழியாகப் போகிறவர்கள் பலர், சுற்றுச்சுவருக்கு மேல் தெரியும் மரங்களைப் பார்த்துவிட்டு "சென்ட் என்ன விலை போகும்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஆள்சேர்ப்பு முகாம் நடக்கும் நாள்களில் முந்தின இரவே வந்து, சான்றிதழ்ப் பையைத் தலைக்கு வைத்துச் சாலையோரம் படுத்திருக்கும் வெளியூர் இளைஞர்களையும் அவர்கள் பார்க்க வேண்டும். பிரதேச ராணுவத்தின் வளாகங்களை மட்டுமாவது விற்பனை, இடமாற்றப் பட்டியல்களில் சேர்க்கக் கூடாது என்றும், சேர்ப்பதானால் அந்தப் பிரிவினரையும் மாவட்டப் பேரிடர் நிர்வாகத்தையும் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும் என்றும் தங்கள் இதழ் பாதுகாப்பு அமைச்சகத்தை வலியுறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராமநாதபுரம், கோயம்புத்தூர்.