ஓணத்துக்கு முன்னால், நம் கடைத்தெரு சங்கத்தாருக்கு ஒரு தேன்காரியின் மடல்

சங்கத் தலைவருக்கும் செயலாளருக்கும், குழித்துறையிலிருந்து களியக்காவிளை வரை கடை வைத்திருக்கும் அண்ணன்மார் அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு மத்தியானம் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பதினெட்டு வருஷமாக என்னிடம் தேன் வாங்குகிறவர். எப்போதும் சுகம் விசாரித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்றைக்கு விசாரிக்கவில்லை. "பிள்ளே, எனக்க நம்பர நீ ஆருக்காவது குடுத்தியா?" என்றார். காலையிலிருந்து அவருக்கு ஏழு மெசேஜ் போயிருக்கிறது. ஜவுளி, கட்டில் மெத்தை, நகைச்சீட்டு, செல்போன் என்று வரிசையாக. ஏழாவது என் கடைப் பெயரில்: "ஓணம் மெகா ஆஃபர், சுத்தமான மலைத்தேன், முந்துங்கள்." நான் மலைத்தேன் விற்பதே இல்லை. என்னுடையது ரப்பர் தோட்டத்துப் பெட்டித்தேன். அது டீச்சருக்கும் தெரியும்.

நம்பர் எப்படிப் போனது என்று யோசித்தபோதுதான் உறைத்தது. சங்கத்திலிருந்து ஆள் வந்து, "ஓணத்துக்கு எல்லாரும் சேந்து விளம்பரம் செய்யப் போறோம், பில் புக்கைத் தாங்க, ரெண்டு நாளில் திருப்பித் தாறோம்" என்றபோது நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பிழை என்னுடையது. அதை டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் பிழை இனி இன்னும் பெரிதாகப் போகிறது என்பதால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

கூட்டத்தில் வாசித்த திட்டம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மைக் கட்டிய இரண்டு ஆட்டோ, காலை ஏழு மணி முதல் இஞ்சிவிளை தாண்டிப் பாறசாலை வரை. திருவோணம் வரை தினமும் மூன்று மெசேஜ். சாயங்காலம் பதிவு செய்த குரலில் போன் அழைப்பு. எல்லாக் கடைகளின் பில் புத்தகத்திலிருந்தும் நம்பர் எடுத்து ஒரே பட்டியல். இதற்குக் கடைக்கு இவ்வளவு என்று வரியும் போட்டாயிற்று.

அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது என் அப்பா தொடங்கிய வழக்கம். பெயர், வீடு, எத்தனை பாட்டில் என்பதோடு பக்கத்தில் ஒரு வரி எழுதுவார். "அம்மைக்கு ராத்திரி இருமல்." "மகன் துபாய் போறான், ரெண்டு பாட்டில், மூடி இறுக்கிக் கட்டணும்." "சீனி நோய் உண்டு, கொஞ்சம் போதும்னு சொல்லணும்." நானும் அப்படியேதான் எழுதி வருகிறேன். அடுத்த முறை அவர்கள் வரும்போது அம்மைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காக எழுதியது அது. ஒரு விளம்பரக் கம்பெனிப் பையனின் மேஜையில் அது கிடப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் பக்கத்துத் தேனின் கதை உங்களுக்குத் தெரியும். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மையத்தை மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்தியபோது மரப்பெட்டியில் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் தாத்தாமார் வீட்டு விளைகளில் பெட்டி வைத்தார்கள். 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதற்கு நடுவில், 1990-களின் தொடக்கத்தில், தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து கேரளத்திலும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பெட்டி பெட்டியாகத் தேனீ செத்தது. புழுக்கள் அடைக்குள்ளேயே நீர் கோத்த பைபோல ஊதிச் செத்துக் கிடக்கும். அறுபது பெட்டி வைத்திருந்த அப்பாவுக்கு நாலுதான் மிஞ்சியது.

அந்த வருஷம் சீனிப்பாகு காய்ச்சி ஊற்றி விற்றவர்கள் உண்டு. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் இருந்த வீடு வீடாகப் போனார். "இந்த வருஷம் தேன் இல்ல. தேனீக்கு நோவு. வந்தா நானே வந்து சொல்லுதேன்." விற்க ஒன்றும் இல்லாமல் அவர் போனது அந்த ஒரு வருஷம்தான். நான் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். சில வீடுகளில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். திரும்பப் பெட்டிகள் நிறைய நாலைந்து வருஷம் ஆனது. அந்த வீடுகளில் பாதிக்கு மேல் இன்றைக்கும் என் புத்தகத்தில் இருக்கின்றன.

நான் கடைக்கு வந்த பிறகு என்னை எழுத வைத்தது ஒரு பாட்டில். இதே டீச்சர், ஒரு டிசம்பர் மாதம், பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். முக்கால் பாட்டில் வெள்ளையாக உறைந்து, ரவை கிளறி வைத்த மாதிரி இருந்தது. "இது சீனியில்லா பிள்ளே?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வருத்தமாகக் கேட்டார். நான் ஒரு பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, மூடியைத் தளர்த்தி, பாட்டிலை அதில் நிறுத்தினேன். இருவரும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம். அடியிலிருந்து மெல்ல மெல்லப் பொன்நிறம் ஏறி வர அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும், பிறகு தளிர் விடும். மூன்று இலையும் காம்போடு சேருகிற இடத்தில் சின்னச் சின்னச் சுரப்பி உண்டு, இளம் இலையில் அங்கே தேன் ஊறும். நம் தேனீ எடுப்பது பெரும்பாலும் அதைத்தான், ரப்பர் பூவை அது நம்பியிருப்பதில்லை. அந்தத் தேனில் குளுக்கோஸ் கூடுதல், அதனால் குளிர் காலத்தில் சீக்கிரம் உறையும். உறைவதால் கலப்படம் என்று ஆகாது.

டீச்சர் எழுந்திருக்கும்போது கேட்டார்: "இத நான் வாங்கும்போதே நீ சொல்லியிருக்கலாமே?"

அன்று ராத்திரி ஒரு தாளில் எழுதினேன். மலையாளத்தில் டீச்சரே எழுதித் தந்தார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம், ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் நூலால் கட்டினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒன்றை எழுதுகிறேன். கடை வாசல் பலகையில் ஒன்று. "எனக்கும் அனுப்பு" என்று கேட்டவர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அதையே அனுப்புவேன். வேண்டாம் என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுவேன். விலை, ஆஃபர் என்று எதுவும் அதில் வராது. பிப்ரவரியில் மழை வந்து தளிர் கருகினால், இந்த வருஷம் தேன் குறையும் என்று எழுதுவேன். தீக்குச்சியை முக்கிப் பற்றவைப்பது, தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, இதையெல்லாம் வைத்து நல்ல தேனைக் கண்டுபிடிக்க முடியாது என்று எழுதினேன். அப்போது "நாங்க இவ்வளவு நாளும் அப்படித்தானே பாத்தோம்" என்று பத்துப் பேராவது சண்டைக்கு வந்தார்கள். சண்டைக்கு வந்தவர்கள் எல்லாரும் மறுபடி வந்தார்கள்.

ஒருமுறை தேனீ சரியாக மெழுகால் மூடாத அடையிலிருந்து எடுத்த தேன் கலந்துவிட்டது. ஈரம் கூடிய தேன் புளித்து நுரைக்கும். பலகையில் எழுதிவிட்டேன்: "போன வாரம் வாங்கிய பாட்டிலில் நுரை கண்டால் திருப்பித் தாருங்கள், பணம் தருகிறேன்." பக்கத்துக் கடை மாமா, "உனக்குப் பைத்தியமா, அதுவும் ரோட்டப் பாத்து எழுதி வச்சிருக்க" என்று பதறினார். ஒன்பது பாட்டில் திரும்பி வந்தது. மற்றவர்கள் "எங்க பாட்டிலில் நுரை இல்ல, பேடிக்காத" என்று சொல்லவே போன் செய்தார்கள்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமானது. நம் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்போம். எல்லைக்கு அந்தப் பக்கம் பொன்னும் வயம்பும் (நம் வசம்பு) உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். இரண்டுக்கும் தேன் வாங்க என் கடைக்கு வருவார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து நல்ல தேனிலும் இருக்கலாம். பெரியவர்கள் வயிறு அதைத் தாங்கும், பச்சைக் குழந்தையின் குடலில் அது வளர்ந்து நஞ்சைக் கக்கும், கைகால் தளர்ந்து மூச்சே தடைப்படலாம். இதை எழுதிப் பலகையில் போட்டேன். ஒரு தாத்தா படித்துவிட்டு, வாங்க வந்த பாட்டிலை வைத்துவிட்டு, முகம் கறுத்துப் போய்விட்டார். வேறு கடையில் வாங்கியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷம் அவர் மகள் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். "ஒரு வயசு தெகஞ்சாச்சு அக்கா. இனி குடுக்கலாமா?"

2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் விற்கும் 13 பிராண்டுத் தேனைச் சோதித்து, எல்லாச் சோதனையிலும் தேறியவை 3 மட்டுமே என்று வெளியிட்டது. டி.வி.யில் வரும் தேனெல்லாம் சந்தேகத்துக்கு ஆளான அந்த வாரத்தில் என் வாசலில் திருவனந்தபுரம் வண்டிகள் நின்றன. நான் ஒரு ரூபாய்க்கு விளம்பரம் செய்யவில்லை. சனிக்கிழமைத் தாள்களை யாரோ யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள்.

இது தேனுக்கு மட்டும் ஆகும் காரியம் என்று தோன்றலாம். நம் தெருவில் நடந்து பாருங்கள். மீன்கடை அக்காவுக்குத் தெரிந்தது எவ்வளவு! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் தடைக்காலம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடலும் உண்டு. எந்த மாதம் எந்தத் துறையிலிருந்து மீன் வருகிறது, எது ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று அவர் வாயால் சொல்வதை ஒரு பலகையில் எழுதினால் கேரளத்துக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். வாழைக்குலை மண்டி அண்ணன் கார்பைடு கல் வைக்காமல் புகை போட்டுப் பழுக்க வைக்கிறார். கால்சியம் கார்பைடு தடை செய்யப்பட்டது என்பதும், மட்டிக் குலையை எந்தப் பருவத்தில் வெட்ட வேண்டும் என்பதும் அவருக்கு அத்துப்படி. ஓணத்துக்குச் செட்டு முண்டு விற்கும் ஜவுளிக்கடைக்காரர், கைத்தறி எது விசைத்தறி எது என்று நூலைப் பிரித்துக் காட்டுவார், கசவுக் கரை மங்காமல் துவைக்க வழி சொல்வார். கடைக்குள் வந்தவருக்கு மட்டும் சொல்கிறார். ஊருக்குச் சொல்ல நாம் மைக்கில் வைத்திருப்பது "வாங்க வாங்க, தள்ளுபடி தள்ளுபடி". நாற்பது கடையும் ஒரே வார்த்தை.

சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். சம்மதம் வாங்காத விளம்பர மெசேஜுக்கு எதிராக தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகள் இருக்கின்றன, 1909 என்ற எண்ணுக்கு யாரும் புகார் சொல்லலாம். ஒரு காரியத்துக்காக வாங்கிய நம்பரை வேறொன்றுக்குக் கொடுப்பது 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி என்று 2000-ம் வருஷத்து ஒலி விதிகள் சொல்கின்றன. நம் ஆட்டோ போகும் வழியில் இரண்டும் உண்டு. ஆனால் நான் கேட்பது சட்டத்துக்குப் பயந்து இல்லை. என் வாடிக்கையாளர்களில் இரவு டூட்டி பார்க்கும் நர்ஸ்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். காலை எட்டுக்குப் படுப்பார்கள். நம் மைக் அவர்கள் ஜன்னலில் போய் அலறும்போது நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிதாகக் கடை திறந்த தம்பிக்கு நாலு பேர் கண்ணில் பட வேண்டியிருக்கிறது, புரிகிறது. அவருக்குத் தெருமுனையில் நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல பெயர்ப்பலகை வைத்துத் தருவோம். ஆட்டோவுக்கும் மெசேஜுக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு கரும்பலகை வாங்குங்கள், மிச்சத்தில் தாள் அடியுங்கள். ஒவ்வொரு கடையும் தன் சரக்கைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒரு உண்மையை வாரம் ஒருமுறை எழுதட்டும், குறை இருந்தால் அதையும் சேர்த்து. எழுத வராது என்பவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கடைக்கு வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். மலையாளத்துக்கு டீச்சர் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், என்மேல் கோபம் இன்னும் முழுக்க ஆறாத நிலையிலும்.

அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள். விளம்பரக் கம்பெனியிடம் போன பிரதியையும் அழிக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். மெசேஜ் போன ஒவ்வொருவரையும் நான் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு வருகிறேன், இதுவரை நாற்பத்தொரு பேரிடம் பேசியாயிற்று. மீதிப் பேரின் நம்பர் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வரும்போது அதை வாங்கிக்கொண்டு போகிறேன். நீல அட்டை, முதுகில் அப்பா கட்டிய சிவப்பு நூல் இருக்கும். எடுத்து வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைத்தெருவின் தேன்கடைக்காரி